அணுவை அளந்த அறிஞர் ரதர்போர்டு

சென்ற கோடை விடுமுறைக்குச் சில நாள் முன்னர் மாணாக்கன் ஒருவன் நம்மை அணுகி ஒரு வினா விடுத்தான். அணுவின் நடுவே கரு ஒன்று உண்டென்றும், அஃது இத்துணைப் பருமன் உடையதென்றும் பாடப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கின்றனர். அதனைக் கண்ணாற் கண்டார் ஒருவரும் இலராயின், அதனை அளந்தவர் யார், அளந்த கோல் யாது என்பது அவன் வினா. நாம் தமிழாசிரியர். அவ்வினா நமக்குரியதன்று எனக் கூறி, அறிவியல் ஆசிரியரிடம் அவனை அனுப்பிவிட்டோம். அனுப்பிய பின்னர் நெஞ்சு உறுத்தியது. வினாவோ நல்ல வினா. விடையோ நமக்குந் தெரியாது. ஆதலின் விடுமுறை நாட்களை அதன்பாற் செலவிட்டோம். அவ்வாறு பயின்றதில் நம் உள்ளங் கவர்ந்தது ஒரு பெரியாரின் வரலாறு. நம் சங்கத்துக் குடும்பத்தாருக்கும், சிறப்பாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும், அதனை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

நியூஸீலந்து என்னும் தீவு நாட்டின் தென்தீவில், நெல்ஸன் நகரையடுத்த ஒரு சிற்றூரில், 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் எர்னஸ்ட் ரதர்போர்டு பிறந்தார். தந்தையார் சக்கரம் செய்யும் தச்சர். பிற்காலத்தில் நார்ச்செடியினின்று நார் உரித்து விற்கும் ஆலையொன்று நடத்தியவர். அன்னையார் பள்ளி ஆசிரியை. மக்கள் பன்னிருவருள் எர்னஸ்ட் நான்காமவர். அவருக்கு வயது 14 நடந்தபொழுது தம்பியர் இருவர் படகு விபத்தில் நீரில் மூழ்கி இறந்தனர். வீட்டிலே உழைப்பு மிகுதி, பொருள் சிறிது. பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்க உபகாரச் சம்பளம் ஒன்றே வழி.

இவ்விடத்தே ஒரு செய்தியை நாம் சிறிது நின்று கூறல் வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குரிய உபகாரச் சம்பளத் தேர்வில் முதன்முறை இவர் தேறவில்லை. மறுமுறை எழுதியே பெற்றார். கலாசாலைக்குரிய தேர்விலும் இரண்டாம் முறையே வெற்றி. பட்டம் பல பெற்ற பின்னர்ப் பள்ளி ஆசிரியர் உத்தியோகத்திற்கு மும்முறை முயன்றும் நிலையான வேலை கிட்டவில்லை. இங்கிலாந்து சென்று ஆராய்வதற்குரிய உபகாரச் சம்பளம் ஒன்றிற்கு விண்ணப்பித்தபொழுது இரண்டாம் இடமே பெற்றார். முதலிடம் பெற்றவர் தம் காரணத்தால் விலகிக் கொள்ளவே, 1895-இல் அது இவர் கைக்கு வந்தது. அம்மூன்று பள்ளிகளுள் ஒன்று இவரை ஏற்றுக் கொண்டிருந்தால், கணக்கு வாத்தியார் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார். நாமும் வாத்தியார் ஆதலின் அதனை இழிவாகக் கூறவில்லை. ஆனால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், மின்னணுவைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்ஸன் என்பாரிடம் இவர் மாணாக்கரானார். 1898-இல் கானடாவிலுள்ள மாண்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அங்கே ஸாடி என்னும் இளைஞருடன் கூடி, ரேடியம் முதலிய பொருள்கள் கதிர் வீசுங்கால் ஒரு தனிமம் வேறொரு தனிமமாகத் தானே மாறுகின்றது என்பதை நிலைநாட்டினார். அதற்காக 1908-இல் நோபெல் பரிசு வந்தது; அதுவும் பௌதிகத்திற்கன்று, ரசாயனத்திற்கு. தனிமங்கள் மாறுவதை ஆராய்ந்தவர், தாம் பௌதிகரினின்று ரசாயனராக மாறிய வேகத்தைக் கண்டு நகைத்தார் என்பர். பெரும்பாலோர் பரிசு பெற்ற பின்னர் ஓய்வர். இவருடைய தலைசிறந்த செயலோ அதன் பின்னரே நிகழ்ந்தது. இவர் 1907-இல் மாஞ்செஸ்டர் நகருக்கு வந்திருந்தார்.

ரேடியத்தினின்று ஆல்பாத் துகள் என்னும் நுண்பொருள் மிகுந்த விரைவோடு வெளிப்படுகின்றது. அதனை அம்பாகக் கொண்டு அணுவினுள் எய்து பார்த்தல் வேண்டும் என்பது இவர் கருத்து. ஆயின் எய்பவன் முதற்கண் அறிய வேண்டுவது, தான் எய்த அம்புகள் எத்தனை என்பது. ஆதலின் ஹான்ஸ் கைகர் என்னும் ஜெர்மானிய இளைஞருடன் சேர்ந்து, துகள்களை ஒன்றொன்றாக எண்ணும் கருவியை 1908-இல் அமைத்தார். ஒரு கிராம் ரேடியத்தினின்று நொடிக்கு 3,400 கோடித் துகள்கள் வெளிப்படுகின்றன எனக் கண்டார்கள். இன்றைய கணக்கு ஏறத்தாழ 3,700 கோடி. தொடக்க காலத்துக் கருவியைக் கொண்டு இவ்வளவு அணுக்கமாக எண்ணினார்கள் என்பது வியப்பே.

அக்காலத்து அறிஞர் அணுவைப் பற்றிக் கொண்டிருந்த கொள்கை தாம்ஸன் கூறியது. நேர்மின்சாரம் அணு முழுதும் மெல்லிதாகப் பரந்து கிடக்கின்றது. அதனிடையே எதிர்மின்சாரமுடைய மின்னணுக்கள் செறிந்துள்ளன என்பது அது. அவ்வாறாயின் விரைந்து வரும் ஆல்பாத் துகள், பஞ்சுப் பொதியினூடே செல்லும் அம்பு போல, ஓரிரு பாகை ஒதுங்கிச் செல்லலாமேயன்றித் திரும்பி வருதல் இயலாது. 1909-இல் கைகரிடம் பயிற்சி பெற்ற மார்ஸ்டன் என்னும் மாணாக்கர்க்கு ஒரு சிறு வேலை வேண்டியிருந்தது. அவருக்கு வயது 20, பட்டமும் பெறாதவர். துகள் எதுவேனும் பின்னோக்கித் திரும்புகின்றதா என்று பார்க்குமாறு ரதர்போர்டு அவரை ஏவினார். திரும்பும் என்று ஏவியவர்க்கே நம்பிக்கை இல்லை. ஆனால் திரும்பின. பிளாட்டினத் தகட்டின்மேல் வீழ்ந்தவற்றுள் ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று திரும்பி வந்தது.

எண்ணாயிரத்துக்கு ஒன்று! நம் பிள்ளைகள் சோதனைச்சாலையில் பத்து முறை அளந்து, ஒன்பது ஒத்து ஒன்று மாறுபடின், அந்த ஒன்றை ரப்பரால் அழித்துவிட்டுப் புத்தகத்திலுள்ள விடையை எழுதுவதைக் கண்டிருக்கின்றோம். அதற்கு மதிப்பெண் இடுபவரும் நம்மவரே. ரதர்போர்டு அந்த ஒன்றை அழிக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அதனை மனத்திற் சுமந்து திரிந்தார். நோபெல் பரிசு பெற்ற அப்பேராசிரியர், நிகழ்தகவுக் கணக்கில் தமக்குப் பயிற்சி போதாதெனக் கண்டு, அதே கலாசாலையிற் கணிதம் கற்பித்த லாம்பு என்பாரின் வகுப்பில் மாணாக்கரோடு மாணாக்கராக அமர்ந்து குறிப்பெழுதினார். நாற்பதைக் கடந்து வேறு துறை நூலை விரித்துத் தடுமாறும் நமக்கு இச்செய்தி ஆறுதல் தந்தது என்பதை மறைப்பானேன்?

இனி, காணாத ஒன்றைக் கணக்கினால் அளப்பது எங்ஙனம் என்பதற்கு ஓர் உவமை கூறுவோம். அமாவாசை இரவு, ஒரு மாந்தோப்பு. தோப்பின் அகலம் நமக்குத் தெரியும். உள்ளே எத்தனை மரம் என்பதும் தெரியும். அடிமரத்தின் பருமன் மட்டும் தெரியாது. வேலிக்கு வெளியே நின்று, குறி பாராது, தோப்பின் முகப்பெங்கும் பரவுமாறு ஆயிரம் கல் எறிகின்றோம். மரத்திற் பட்ட கல் ஓசை எழுப்பும். படாதது அப்பாற் போய் விழும். ஐம்பது ஓசை கேட்டால், மரங்களெல்லாம் கூடித் தோப்பு முகப்பில் இருபதில் ஒரு பங்கை மறைத்து நிற்கின்றன என்பது தெளிவு. அப்பங்கை மரத்தொகையால் வகுத்தால் ஒரு மரம் எதிர்காட்டும் பரப்பு வந்துவிடும். விளக்கு வேண்டுவதில்லை, எறிந்த எண்ணும், பட்ட எண்ணும், மரத்தின் எண்ணும் போதும். ஒன்றன் பின் ஒன்றாக மரங்கள் மறைந்து நில்லாதபடி தோப்பு ஆழமற்றதாய் இருத்தல் வேண்டும். பொன்னை மிக மெல்லிய தகடாக அடித்து வைத்ததன் காரணம் அதுவே. இவ்வாறு கிடைக்கும் பரப்பையே பௌதிகர் குறுக்குவெட்டுப் பரப்பு என்பர்.

ஆயின் இதனிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டிவைத்த நாயின் உடல் சிறிது. அது கடிக்கக்கூடிய வட்டமோ கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. நாயின் பருமன் வேறு, கடிபடும் இடத்தின் பரப்பு வேறு. அதுபோலக் குறுக்குவெட்டுப் பரப்பு என்பது பொருளின் உடலளவன்று; குறித்த ஒரு நிகழ்ச்சி நேர்வதற்கு அப்பொருள் அளிக்கும் இலக்கின் அளவு. மெல்லத் திரும்புதல், செங்கோணமாகத் திரும்புதல், உடைந்து போதல் என நிகழ்ச்சிதோறும் பரப்பு வேறுபடும். ஆதலின் எண்ணிக்கை மட்டும் இருந்தாற் போதாது. உள்ளே எத்தகைய நாய், எத்தகைய கயிறு என்று முதலில் உள்ளத்தே அமைத்துக்கொண்டு, அவ்வமைப்பின்படி எத்தனை துகள் எப்பக்கம் திரும்பும் என்று கணித்து, அதனை எண்ணிக்கையோடு ஒட்டிப் பார்த்தல் வேண்டும்.

ரதர்போர்டு அமைத்துக்கொண்டது இது. அணுவின் நேர்மின்சாரமெல்லாம் நடுவே ஒரு புள்ளியிற் செறிந்துள்ளது. ஆல்பாத் துகளை அது தள்ளும் வலி, தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைகின்றது. இதனின்று, வால்மீன் ஞாயிற்றைச் சுற்றிச் செல்லும் வளைவைக் கணிப்பது போலத் துகள் செல்லும் வளைவைக் கணித்தார். 1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாஞ்செஸ்டர் சங்கமொன்றில் முதன்முதலாக இதனை அறிவித்து, மே மாதம் கட்டுரையாக வெளியிட்டார். பெற்ற சூத்திரம் சிறியது. திரும்பும் கோணத்திற் பாதியின் சைன் அளவை நாலாம் படிக்கு உயர்த்தினால், எண்ணிக்கை அதற்கு எதிர்விகிதத்தில் அமையும். தகட்டின் பருமனுக்கு நேர்விகிதம். துகளின் விரைவினது நாலாம் படிக்கு எதிர்விகிதம். கருவின் மின்சார அளவினது வர்க்கத்திற்கு நேர்விகிதம். சில எழுத்துக்களிற் பல பொருள் அடங்கக் கூறுதலே நூற்பாவின் இலக்கணம் என்று நாம் வகுப்பில் நாள்தோறும் கூறுகின்றோம். அவ்விலக்கணம் இதற்கும் பொருந்தும்.

கணக்கு விரும்பும் பிள்ளைகள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 0.00004 சென்டிமீட்டர் பருமனுள்ள பொற்றகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர்க்குள் ஏறத்தாழ 23,600 கோடி கோடிப் பொன்னணுக்கள் உள்ளன. ரேடியம் வகையினின்று வரும் விரைவு மிக்க ஆல்பாத் துகளைச் செங்கோணத்திற்கு மேல் திருப்புவதற்குப் பொன்னின் கரு ஒவ்வொன்றும் காட்டும் இலக்கு சுமார் 7 பார்ன் என்று அச்சூத்திரம் தருகின்றது. இரண்டையும் பெருக்கினால், 60,000 துகளுக்கு ஒன்று திரும்பும் என்று விடை வரும். ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒன்றின்பின் 24 சுழியமிட்ட எண்ணால் வகுத்தால் எஞ்சுவது ஒரு பார்ன். பார்ன் என்பது ஆங்கில நாட்டுக் குடியானவர் தானியமும் வைக்கோலும் இடும் கொட்டில். 1942-இல் அமெரிக்க அறிஞர் இருவர், கரு உலகில் இஃதொரு கொட்டிலளவு பெரிய இலக்கன்றோ என்று வேடிக்கையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

சூத்திரம் கூறிவிட்டால் மட்டும் போதுமோ? கைகரும் மார்ஸ்டனும் அதனைப் பல வகையாற் சோதித்தனர். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த பொடி பூசிய சிறு திரையில் ஆல்பாத் துகள் பட்டால் ஒரு நொடிப்பொழுது மின்மினி போல ஒளிப்பொட்டு தோன்றும். அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்து எண்ணுதல் வேண்டும். கண் இருளுக்குப் பழகும்படி முதலில் நெடுநேரம் இருட்டறையில் இருந்து, பின்னர் எண்ணத் தொடங்குவர். சிறிது நேரத்திற் கண் களைத்துவிடும். இவ்வேலையில் ரதர்போர்டுக்குப் பொறுமை இல்லை. கைகரின் பொறுமைக்கோ எல்லை இல்லை. அவ்விருவரும் 1913-இல் வெளியிட்ட கட்டுரைக்காக எண்ணிய ஒளிப்பொட்டுக்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டன. 5 பாகையினின்று 150 பாகை வரை கோணத்தை மாற்றினால் எண்ணிக்கை சுமார் 2,40,000 மடங்கு குறைதல் வேண்டும் என்பது சூத்திரத்தின் தீர்ப்பு. அவ்வளவு பெரிய வேறுபாட்டினிடையேயும், இருளிலிருந்து எண்ணிய எண்ணும் ஏட்டிற் கணித்த எண்ணும் பிழையெல்லைக்குள் ஒத்து நின்றன. அணுவிற்குக் கரு உண்டென்பதற்கு அந்நாளில் அவ்வொப்புமையே பெருஞ்சான்று. நம் மாணாக்கன் கேட்ட அளவுகோல் இதுவே.

1914-இல் ஐரோப்பியப் போர் மூண்டது. ஒரே இருட்டறையில் அடுத்தடுத்து அமர்ந்து எண்ணியவருள் கைகர் ஜெர்மானியப் படையிலும், மார்ஸ்டன் பிரிட்டிஷ் பக்கத்துப் படையிலும் சேர்ந்தனர். கருவின் மின்சார அளவை எக்ஸ் கதிரினால் அறுதியிட்ட மோஸ்லி என்னும் இளைஞர், ரதர்போர்டின் மாணாக்கருள் மிக்க கூர்மையுடையவர், 1915 ஆகஸ்டு மாதம் கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதிற் சுடப்பட்டிறந்தார். அத்தகையோரைத் துப்பாக்கி தூக்க அனுப்பியது நாட்டிற்கே கேடு என்று ரதர்போர்டு வெளிப்படையாக எழுதினார். சோதனைச்சாலை வெறிச்சோடியது. நீர்மூழ்கிக் கப்பலை ஒலியினால் அறியும் அரசாங்க வேலைக்கிடையே கிடைத்த பொழுதுகளில், கே என்னும் சோதனைச்சாலை ஊழியர் ஒருவரைத் துணைக் கொண்டு இவர் மீண்டும் இருட்டறையில் அமர்ந்தார்.

இக்காலத்து நிகழ்ந்ததே நமக்கு மிக இனிப்பது. இலக்கணம் வகுத்தோர் தம் நூற்பாவிற்கு அடங்காதவற்றைப் புறனடை எனத் தாமே கூறிச் செல்வர். ரதர்போர்டும் தம் சூத்திரத்திற்குப் புறனடை தாமே கண்டார். ஹைட்ரஜன் முதலிய இலேசான அணுக்களின்மேல் விரைந்த துகள்களை எய்தபொழுது, நேர்முன்னே செல்லும் ஹைட்ரஜன் கருக்கள் சூத்திரத்தின் கணக்கிற்குப் பன்மடங்கு மிகுந்திருந்தன. 1919-இல் இதனை வெளியிட்டார். தம் பெயரால் வழங்கும் சூத்திரம் பொய்த்ததற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. துகள் கருவை மிக நெருங்குமிடத்து மின்சார வலியன்றிப் பிறிதொரு பெருவலி செயற்படுகின்றது என்பதை, அவருடைய மாணாக்கர் சாட்விக்கும் பீலரும் 1921-இல் இதே வகையான எண்ணிக்கையினின்று காட்டினர். கருவைக் கட்டி நிறுத்தும் வலி முதன்முதல் இவ்வாறே, கணக்கிற்கும் எண்ணிக்கைக்கும் இடையே தோன்றிய பிளவின் வழியாக, மனிதர்க்குத் தன்னைக் காட்டியது.

அதே 1919-இல் நைட்ரஜன் அணுவை ஆல்பாத் துகள் தாக்கி ஹைட்ரஜன் கருவை வெளியேற்றுவதையும் இவர் அறிவித்தார். அஃது எத்துணை அரிய நிகழ்ச்சி என்பதை இவருடைய மாணாக்கர் பிளாக்கெட்டு 1925-இல் படம்பிடித்துக் காட்டினார். ஏறத்தாழ 4 லட்சம் தடங்களைப் பதித்ததில் அந்நிகழ்ச்சி காணப்பட்டது எட்டே எட்டில்.

1919 முதல் இவர் கேம்பிரிட்ஜில் காவண்டிஷ் சோதனைச்சாலையின் தலைவர். 1932-இல் நியூட்ரானைச் சாட்விக் கண்டதும், காக்கிராப்டும் வால்டனும் பொறியினால் விரைவூட்டிய துகளைக் கொண்டு லித்தியத்தைப் பிளந்ததும் அவ்விடத்தேதான். பட்டங்கள் பல வந்தன. 1931-ஆம் ஆண்டு முதல் நாளில் பிரபுப் பட்டம் அளிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது நாள் முன்னர்தான் அவருடைய ஒரே மகள் மகப்பேற்றின் பின் இறந்திருந்தாள். 1933-இல் ஜெர்மானிய நாட்டினின்று துரத்தப்பட்ட அறிஞர்களுக்கு உதவ அமைந்த சங்கத்திற்கு இவர் தலைமை தாங்கினார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் சர் சி. வி. இராமனை 1930-ஆம் ஆண்டு நோபெல் பரிசுக்கு முன்மொழிந்தோருள்ளும் இவர் ஒருவர்.

இவர் தொடங்கிவைத்த எண்ணும் முறை இன்றளவும் மாறவில்லை. எறிபொருளும் எண்ணும் கருவியுமே மாறின. இவர் தலைவராயிருந்த காலத்திற் கேம்பிரிட்ஜில் பயின்ற நம் நாட்டு ஹோமி பாபா, மின்னணுவும் அதன் நேர்மின் இணையும் மோதித் திரும்புவதற்குரிய குறுக்குவெட்டுப் பரப்பைக் கணித்து 1936-இல் வெளியிட்டார். பாபாவின் அக்கணக்கு, ஜெனீவா நகரத்தருகே 1989 முதல் 2000 வரை இயங்கிய பெரும்பொறியில், எறிந்த கல் எத்தனை என்று அறியும் படிக்கல்லாயிற்று. அப்பொறியின் எண்ணிக்கையினின்று நியூட்ரினோ வகைகள் எத்தனை என்று கணித்தபொழுது 2.984 என வந்தது. மூன்று என்று எதிர்பார்த்த இடத்திற் சிறு குறை. பொறி நின்று இருபதாண்டு கழிந்த பின்னர், படிக்கல் எண்ணிக்கையிலேயே மிகச் சிறு பிழை புகுந்திருந்ததைக் கண்டு, கணக்கையும் செம்மை செய்தபொழுது, 2020-இல் அது 2.9963 ஆயிற்று. அப்பொறி இருந்த சுரங்கத்திலேயே பின்னர் அமைந்த பொறியில் 2012-இல் ஹிக்ஸ் துகள் காணப்பட்டது. நூறு கோடிக்கு மேற்பட்ட மோதல்கள் நிகழ்ந்தால் அத்துகள் ஒருமுறை தோன்றும். மார்ஸ்டனின் எண்ணாயிரத்துக்கு ஒன்று இதனெதிரே எத்துணை எளிது!

1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ரதர்போர்டுக்குக் குடலிறக்க நோய் கண்டது. அறுவை சிகிச்சை செய்தும் தேறாமல், அம்மாதம் 19-ஆம் நாள், 66-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே வைக்கப்பெற்றது. 1938 ஜனவரியிற் கல்கத்தாவில் நிகழவிருந்த இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளி விழாவிற்கு அவரே தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாகச் சர் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை தாங்க, அவர் எழுதிவைத்திருந்த தலைமையுரை அவரின்றியே அம்மாநாட்டிற் படிக்கப்பெற்றது.